அஞ்சலையின் படிவரைக்கும் கடல்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பாதி லாட்ஜுகளின் மொட்டைமாடித் தொட்டி நான் கட்டியது. வேங்கிக்காலில் புது வீடுகள் எழும்பிய காலத்தில் சம்ப் என்கிற தரையடித் தொட்டி என்றாலே என்னைத்தான் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபம், மாட்டுப் பண்ணை, பாறையை உடைத்துப் போட்ட நீச்சல் குளம், எல்லாம் உண்டு. படிப்பு ஐந்தாவதோடு சரி. கையாளாக ஜல்லி சுமந்து, திட்டு வாங்கி மேஸ்திரி ஆனேன். பௌர்ணமிக்கு வந்த கூட்டமெல்லாம் குளித்தாலும் என் தொட்டியின் சுவர் வியர்க்காது. 'டேங்க் கோவிந்தசாமி' என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

ஆனால் நான் கட்டியதிலேயே பெரிய வேலை இதுதான். உயரம் இடுப்பளவு.

1. கடல் கேட்டு வந்தவர்

அடி அண்ணாமலையில் மூடிக் கிடந்த அரிசி மில்லை வாடகைக்கு எடுத்துச் சிற்பம் செய்பவர் ஆதவன். ஒரு நாள் வந்து, "மேஸ்திரி, எனக்கு ஒரு கடல் வேணும்" என்றார்.

"மலையடியில இருந்துகினு கடல் கேக்கறீங்களே சார்! நீளம் அகலம் சொல்லுங்க."

மரக்காணம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் கடல் ஏறி ஏறி ஒரு தெருவையே தின்றுவிட்டதாம். அந்தத் தெருவை முழங்கால் உயர வீடுகளாகச் செய்து தொட்டிக்குள் வைக்க வேண்டும். மணலுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்ல ஊறி, கூரை வரை மூழ்கடித்து, வடிந்து, மறுபடி ஏற வேண்டும்.

"அடியில தண்ணி ஊறுனா அது ஒழுகுற தொட்டி சார். என் பேரு கெட்டுடும்."

"ஒழுகட்டும். நாம சொன்னபடி ஒழுகட்டும்."

மணலுக்குள் துளைபோட்ட பைப், மேலே ஒரு தொட்டி, ஓரத்தில் மிதக்கும் பந்து வைத்த வால்வு. தண்ணீர் கூரையைத் தொட்டதும் பந்து எழும்பி, வரும் வழியை அடைத்துவிடும். வடிய ஒரு கேட் வால்வு. வீடுகளையும் நானே சிமென்டில் செய்தேன். நீலச் சுவர், வாசலில் ஒற்றைப் படி வைத்த வீடு அஞ்சலை என்ற அம்மாவினுடையது. தன் செல்போனில் இருந்த படங்களைக் கொடுத்து, செய்துகொள்ளுங்கள் என்று சம்மதித்தவர் அவர்.

2. வெள்ளோட்டம்

திறப்பு விழாவுக்கு முதல் நாளே அஞ்சலை பஸ் ஏறி வந்துவிட்டார். தன் வீட்டைக் குனிந்து பார்த்து, "ஜன்னல் கம்பிகூட வெச்சிருக்கீங்களேண்ணே" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வால்வைத் திறந்தேன்.

மணல் நனைந்தது. தண்ணீர் தெருவில் ஏறி, படியைத் தாண்டி, நீல வீட்டுக்குள் போனது. அந்த அம்மா சட்டென்று கையை விட்டு வாசலை மறித்தார்.

"நிறுத்துங்க தம்பி!"

"அக்கா, பாக்கறவங்களுக்கு உறைக்கணும்ல?" என்றார் ஆதவன்.

"அதுக்கு என் வீடு தினம் சாவணுமா? ஒரு தடவ போனது பத்தாதா? இத எடுத்துடுங்க. நான் ஊருக்குப் போறேன்."

அவர் பையைத் தூக்கிவிட்டார். நான் கேட் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, "இருமா. போறதுன்னா போ. நெசமா எப்படித்தான் இருந்துச்சு, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றேன்.

"முழுகினது ஒரு ராத்திரிண்ணே. அதுக்கு முன்னாடி ரெண்டு மழைக்காலம் படியாண்டயே நின்னுது. அரிசி மூட்டைய கட்டில் மேல வெச்சுட்டு, அதும்பக்கத்துல நாங்க படுப்போம். கால எறக்கும்போது ஈரமான்னு தடவிப் பாத்துதான் எறங்குவோம். போயிடு போயிடுன்னாங்க. படகு இங்க இருக்குது, நாங்க எங்க போறது? முழுகினப்புறம் கேமராவோட வந்தாங்க. படியாண்ட நின்னப்ப ஒருத்தரும் வரல."

நான் பந்து வால்வின் கம்பியைக் கையில் பிடித்தேன். இந்தக் கம்பியை வளைத்தால் தண்ணீர் நிற்கும் உயரம் குறையும். "எதுவரைக்கும், காட்டு" என்றேன்.

ஆதவன் தடுத்தார். "மேஸ்திரி, கடல் நிக்காது. இது பொய்யாயிடும்."

"கடலுக்கு நான் வால்வு வெக்கல சார். உங்க தொட்டிக்குத்தான் வெச்சேன்."

அஞ்சலை பையைக் கீழே வைத்துவிட்டு வந்து விரலால் காட்டினார். வளைத்தேன். தண்ணீரைத் திறந்தேன். படிக்குக் கீழே நின்றது.

"கம்மிண்ணே. படி நனையணும்."

மறுபடி வளைத்தேன். இந்த முறை படியை நனைத்து, வாசற்காலுக்குக் கீழே நின்றது. அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். ஆதவன் தரையில் உட்கார்ந்து, படியில் நின்ற தண்ணீரைப் பார்த்தார். "இதான் அக்கா" என்றார்.

3. நின்றவர்கள்

மறுநாள் வந்த கூட்டம் தொட்டியைச் சுற்றி நின்றது. தண்ணீர் படியில் நிற்கிறது. யாரும் நகரவில்லை. ஒருவர் பொறுமை இழந்து, "எப்பங்க உள்ள போவும்?" என்றார்.

"நாங்களும் அதத்தான் கேட்டுகினு இருந்தோம்" என்றார் அஞ்சலை.



தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, தண்ணீரை ஏற்றவும் இறக்கவும் வால்வு போதும். எங்கே நிறுத்துவது என்பதை அங்கே வாழ்ந்தவரிடம் கேட்க வேண்டும். நான் கேட்டேன். ஆதவனுக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்தத் தொட்டி சென்னைக்குக் கண்காட்சிக்குப் போகப்போகிறதாம். பக்கத்தில் வைக்கும் பலகையில் ஆதவன் பெயர் இருக்கிறது, அஞ்சலை பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. நன்றி என்று கீழே பொடி எழுத்தில் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேலே, அவர்கள் எழுத்தின் அளவிலேயே எழுதுங்கள்: தண்ணீர் நிற்கும் இடத்தைக் காட்டியவர் அஞ்சலை, நிறுத்தியவர் கோவிந்தசாமி.