மஞ்சள் பூசிய மூன்று சொற்கள்

என் கடிதம் திரும்பி வந்தபோது, வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் நன்றாகத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான இரும்பு பிராக்கெட் அடிக்கும் தொழிற்சாலை அது. தரப் பிரிவில் என் வேலை, வாடிக்கையாளர்கள் அனுப்பும் புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து, பிராக்கெட்டில் ஓட்டை தள்ளிப்போயிருக்கிறது என்று இரண்டாவது முறையாகப் புகார் வந்திருந்தது. முந்தின நாள்தான் பதில் அனுப்பியிருந்தேன். அதில் மூன்று சொற்களுக்கு மஞ்சள் பூசித் திருப்பியிருந்தார்கள். ஆக்‌ஷன்ட். சொல்யூஷன்ட். ரூட்காஸ்ட், அதாவது மூலகாரணத்தைக் (root cause) கண்டுபிடித்தாயிற்று என்று.

கீழே அந்த வெளிநாட்டுக் கம்பெனிப் பெண்மணி இரண்டு வரி எழுதியிருந்தார். இவை பெயர்ச்சொற்கள், முறையான அறிக்கையில் இவற்றை வினைச்சொல்லாக எழுதுவதில்லை. யார், என்ன செய்தார்கள் என்பதை மாலைக்குள் எழுதி அனுப்பவும். நகல் எங்கள் மேனேஜருக்கும் முதலாளிக்கும்.

காது சுட்டது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல் கம்பெனியில் சட்டைகளைச் சோதித்து மடிக்கிறாள். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு பேங்கிலிருந்து கடிதம் வந்தாலும் அது முதலில் எங்கள் வீட்டுக்கு வரும். சர்ச் முடிந்து வரும்போது அம்மா வேண்டுமென்றே நின்று நின்று பேசுவாள், என் பொண்ணு வெள்ளைக்காரங்களுக்கு லெட்டர் எழுதுறா என்று. எனக்கு வெட்கமாக இருப்பதுபோல் நடிப்பேன். உண்மையில் அவள் சொல்லாமல் வந்துவிட்டால்தான் ஏமாற்றமாக இருக்கும்.

எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். முதலில் தோன்றியது, பதிலுக்குப் பதில் கொடுக்க வேண்டும் என்பதுதான். இணையத்தில் அகராதிகளைத் தேடினேன். ஒன்றில் ‘ஆக்‌ஷன்’ வினைச்சொல்லாகவும் இருந்தது, அலுவலகப் பேச்சு வழக்கு என்ற குறிப்போடு. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு சூடாக ஒரு பத்தி எழுதி, பிறகு அழித்தேன். மற்ற இரண்டும் எந்த அகராதியிலும் இல்லை.

இந்தச் சொற்கள் எனக்கு எங்கிருந்து வந்தன என்று யோசித்தபோது கோபம் இடம் மாறியது. வேலப்பன்சாவடியில் நான் படித்த கல்லூரியில் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. சேர்ந்த முதல் வாரம் மேனேஜர் பழைய அறிக்கைகள் அடங்கிய ஃபைலைக் கொடுத்து, இதே மாதிரி போடு என்றார். போட்டேன். அந்தப் பழைய அறிக்கைகளை எழுதியவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். நாள் முழுக்க ‘ஆக்‌ஷன் பண்ணு’, ‘சொல்யூஷன் பண்ணு’ என்றுதான் பேசுகிறோம். எந்த ஆங்கிலச் சொல்லாக இருந்தாலும் பின்னால் ஒரு ‘பண்ணு’ சேர்த்தால் ஓடும். எழுத உட்காரும்போது ‘பண்ணு’வைக் கழற்றிவிட்டு, சொல்லின் வாலில் இறந்தகாலத்தை ஒட்டிவிடுகிறோம். பெரிய ஆங்கிலம் மாதிரி இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சரி, திருத்தித் தொலைப்போம் என்று தொடங்கினேன். முதல் இரண்டு வாக்கியங்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. மூன்றாவது நகரவில்லை. சோதனைக் கருவி ‘ஆக்‌ஷன்ட்’ என்று எழுதியிருந்தேன். அதை எப்படி உடைப்பது? கருவியைச் சரிபார்த்தார்களா, சாணை பிடித்தார்களா, புதிது வாங்கினார்களா? யார்? எனக்குத் தெரியாது. முதல் புகாருக்கான அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதே வாக்கியம். அதைத்தான் நகலெடுத்துத் தேதியை மாற்றியிருந்தேன்.

கீழே இறங்கினேன். வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் உற்பத்தித் தளத்துக்குப் போனது நாலைந்து முறை இருக்கும், எல்லாம் யாராவது விருந்தாளியோடு.

சோதனை மேசையில் இருந்த அக்கா அங்கே பல வருடமாக வேலை செய்கிறவர். பிராக்கெட்டின் ஓட்டையில் கருவியின் ஊசியை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் பெட்டிக்குள், நுழையாவிட்டால் சிவப்புக் கூடைக்குள். புகார் வந்த பிறகு இந்தக் கருவியை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே பேசினார்.

“இன்னா மேடம், வழி தெரிஞ்சி வந்துட்டியா? ஒண்ணும் பண்ல. ஊசி தேஞ்சி பூட்ச்சி. தேஞ்ச ஊசி எந்த ஓட்டையிலயும் பூந்துரும், தள்ளிப்போன ஓட்டையிலயும் பூந்துரும். நான் சொல்லிகினேதான் கீறேன்.”

சரிசெய்துவிட்டதாக எழுதியிருக்கிறோமே என்றேன்.

“எழுதிகினா? மேல எழுதிட்டா கீழ ஆயிடுமா பாப்பா?”

அவர் சிரித்தார். பக்கத்து மிஷின்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபடியே படியேறினேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவரே அவர்தான். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஊசி மாற்றப்பட்டது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிடு, நாளைக்கோ மறுநாளோ மாற்றிவிடலாம் என்றார். அவங்க கேக்குறது இங்கிலீஷ்தானே, ஊசியைப் பார்க்கவா வரப்போறாங்க?

“இன்னைக்கு மாத்துங்க சார். இன்னைக்கே மாத்தியாச்சுன்னு எழுதுறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. ஞாபகம் இருக்குல்லம்மா?”

இருந்தது. நிரந்தரமானால் சம்பளம் கூடும் என்பதைவிட, நான் பர்மனென்ட் ஆகப்போகிறேன் என்று தெருவில் அம்மா சொல்லிவிட்ட வார்த்தைதான் எனக்கு முன்னால் நின்றது. என் இடத்துக்கு வந்து, அவர் சொன்னபடி ஒரு வாக்கியம் அடித்தேன். பிழையே இல்லாத வாக்கியம். அந்தப் பெண்மணி குறை சொல்ல ஒன்றும் இருக்காது. இதற்குமுன் எழுதியதற்காவது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இது தெரிந்தே எழுதிய பொய். நகத்தைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. பிறகு அதை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: சோதனை ஊசி தேய்ந்திருக்கிறது. முதல் புகாருக்குப் பிறகு நாங்கள் அதை மாற்றவில்லை. மாற்றியதும் தெரிவிக்கிறோம். அச்செடுத்துக் கொண்டுபோய் மேனேஜரின் மேசையில் வைத்தேன். இதற்கு மேல் எனக்கு எழுத வராது சார் என்று சொன்னேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. திட்டவும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: டூல் ரூம் ஆளைக் கூப்பிட்டார், கருவியைக் கழற்றினார்கள். நாலு மணிக்குப் புது ஊசி ஏறியது. அனுப்பத் தயாராக இருந்த பெட்டிகளைப் பிரித்து அக்கா மறுபடி சோதித்தார். தள்ளிப்போன ஓட்டைகள் மேலும் சில அகப்பட்டன. லாரியை நிறுத்திவைத்தார்கள்.

ஐந்தரைக்குக் கடிதம் போனது. டூல் ரூம் ஊழியர் இன்று ஊசியை மாற்றினார். சோதனை ஊழியர் பெட்டிகளைப் பிரித்துச் சோதித்தார். முந்தைய அறிக்கையில் நாங்கள் தவறாகச் சொல்லியிருந்தோம். கடைசி வாக்கியத்தை மேனேஜர் அடித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அதை இரண்டு முறை படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அனுப்பச் சொன்னார். மறுநாள் அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரே வரி பதில்: நன்றி, இப்போது புரிகிறது.

ஒன்பதாம் நாள் மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்தார்கள். தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம். காரணம் என்ற இடத்தில், தகவல் தொடர்புத் திறன் மேம்பட வேண்டும் என்றிருந்தது. அங்கேயே நின்று இன்னொரு முறை படித்தேன். நான் எந்தக் கடிதத்தில் எதைச் சரியாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா, கையெழுத்துப் போடு என்றார் அங்கிருந்தவர். பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அன்று ஷேர் ஆட்டோவில் ஏறாமல் இரண்டு நிறுத்தம் நடந்தேன். வீட்டில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பர்மனென்ட் ஆகிவிட்டதா என்று கேட்டாள். மேனேஜர் மூன்று மாதம் தள்ளிப்போட்டுவிட்டார் என்றேன்.

“நீ இன்னா பண்ண?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, சிரிப்பு, லாரி. அவளும் நாள் முழுக்கச் சட்டையைச் சோதித்து மடிக்கிறவள் என்பதால் தேய்ந்த ஊசியைப் பற்றி விளக்க வேண்டியிருக்கவில்லை. முகத்தில் ஏமாற்றம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

“தெருவுல கேட்டா இன்னா சொல்றது?” என்றாள். பிறகு தட்டில் சோற்றைப் போட்டபடி, “அந்தப் பொம்பள புரியுதுன்னு எழுதிச்சா?”

எழுதினார் என்றேன்.

“அப்ப இன்னாத்துக்கு இப்டி நடந்துகினே கீற? உக்காரு. சாப்டு.”

நான் உட்காரவில்லை. இன்னொரு புகார் வந்திருப்பதாக அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. அதற்குப் பதில் எழுதும்முன் கீழே போக வேண்டும், மறுநாள் எட்டு மணிக்கு ஷிப்ட் தொடங்குவதற்குள் போனால் அக்காவைப் பிடிக்கலாம், அப்படியானால் ஏழேகாலுக்கே கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டபடி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிட்டேன்.