சவரியம்மாளின் வேண்டுதல்

மைசூரில் பன்னிமண்டபம் என்ற பகுதிக்குப் பின்னாலிருந்த அந்தத் தெருவில் யாருக்கு என்ன துன்பம் வந்தாலும் முதலில் சவரியம்மாள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, மகனுக்கு வேலை அமையவில்லை, மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எதுவானாலும் "அக்கா, கொஞ்சம் வேண்டிக்குங்க" என்று வந்து நிற்பார்கள். கன்னடக்காரப் பெண்களும் வருவார்கள். அவர்கள் "ஸொல்ப பேடிக்கொள்ளி அக்கா" என்பார்கள். தமிழில் வேண்டு என்பது கன்னடத்தில் பேடு. அந்த ஒரு சொல்லை மட்டும் சவரியம்மாள் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாளோ!

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாழும் மார்டள்ளி கிராமத்திலிருந்து ரத்தினசாமியைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தவள் அவள். அவன் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கப் போவான். இவள் கரித்தூள் பிசைந்த மாவை மூங்கில் குச்சியில் உருட்டி ஊதுபத்தி செய்வாள். கை உருட்டிக்கொண்டிருக்கும்போதே உதடு அருள் நிறைந்த மந்திரத்தை முணுமுணுக்கும். யார் யாருக்காகவோ கேட்பாள். அதில் பல நடந்தும் இருந்தன. காய்ச்சல் இறங்கியது, மருமகள் திரும்பி வந்தாள். கேட்டால் கிடைக்கும் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

"எம் பொண்டாட்டி சாமிக்கு மனு எழுதற ஆபீஸ் வெச்சிருக்கறா. வரிசையில வாங்க" என்று ரத்தினசாமி வாசலில் உட்கார்ந்து கேலி செய்வான். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கோவில் கோவிலாக மண்டியிட்டுக் கேட்டு வாங்கிய ஒரே மகள் ஜெசிந்தா. மைசூரில் பிறந்து மைசூரில் படித்தவள். வீட்டில் தாய் தமிழில் கேட்பாள், மகள் கன்னடத்தில் பதில் சொல்வாள். சவரியம்மாள் எப்போதாவது கன்னடம் பேசப் போனால் போதும், ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "அம்மா, நீ கன்னடம் பேசினா பால்காரர் எருமை கயித்தை அறுத்துட்டு ஓடுது" என்பாள். கேலி செய்வதற்கென்றே அந்தப் பெண் தமிழுக்கு வருவாள்.

சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. படித்து முடித்து, பாலர் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. தொண்ணூற்றாறாம் வருஷம் மழைக்காலத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். ஆபரேஷனைத் தாங்கும் பலம் உடம்பில் இல்லை என்று டாக்டர் ரத்தினசாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

"டாக்டருக்குத் தெரிஞ்சதை அவர் சொல்றாரு. நான் கேக்கற இடத்துல கேட்டுக்கறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது. சவரியம்மாள் அங்கேயே பழியாய்க் கிடந்தாள். மேலே வார்டில் மகளின் முகத்தைப் பார்ப்பாள். நீலம் பாய்ந்த உதடும், ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்து எழும் கழுத்தும் கண்ணில் பட்டதும் எழுந்து கீழே ஓடிவிடுவாள். திரும்பி வருவாள், மறுபடி ஓடுவாள். கீழே முழங்கால் வலித்தது. ஆனால் மேலே வலித்த அளவுக்கு வலிக்கவில்லை. இதை அவள் அப்போது உணரவில்லை.

அந்தப் பிற்பகலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவுக்கு மூச்சு ரொம்பவும் தவித்தது. முகத்தில் ஆக்சிஜன் மூடி. சவரியம்மாள் அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எழுந்தாள். அப்போது மகளின் விரல்கள் அவள் சேலைத் தலைப்பைப் பற்றின. மூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். சவரியம்மாள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஹோகி பேடு."

போய் வேண்டிக்கொள். சவரியம்மாளுக்கு மெய் சிலிர்த்தது. என் பிள்ளையே சொல்லிவிட்டாள், இனி ஆண்டவர் எப்படி மறுப்பார்? "இதோ போறேன் கண்ணு, கேட்டு வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லி, தலைப்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, படிகளில் இறங்கி ஓடினாள்.

அன்றைக்கு அவள் வேண்டியதைப் போல யார் வேண்டியிருக்க முடியும்? என்னை எடுத்துக்கொள் என்றாள். கண்ணை எடுத்துக்கொள், காலை எடுத்துக்கொள், அவளை மட்டும் விட்டுவிடு என்று தரையில் நெற்றியை மோதினாள். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. திரும்பினாள். வார்டு சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் சவரியம்மாள் உடைந்துபோகவில்லை, அதுதான் தெருவுக்கே ஆச்சரியம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவளே ஆறுதல் சொன்னாள். "எம் புள்ள கடைசியாச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? போய் வேண்டிக்கோன்னு சொன்னா. நான் அவளுக்காக வேண்டிக்கிட்டிருந்தப்பத்தான் அவ போனா. அந்தக் கொடுப்பினை எத்தனை தாய்க்குக் கிடைக்கும்?" கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், மகளைக் கவனித்துக்கொண்டவர்களுக்கென்று சோறும் குழம்பும் சமைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு ஆயா சித்தம்மா அவளைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தன் கன்னடத்தில், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, நல்ல மனசோடு சொன்னாள்.

"கவலைப்படாதேம்மா. நீ போனதும் நான் வந்து உன் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஹோகபேட, ஹோகபேடன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் போகலை. கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன்."

ஹோகபேட என்றால் போகாதே.

சவரியம்மாளின் கையிலிருந்த தூக்குப்போசி தரையில் இறங்கியது. "இல்லியே" என்றாள். "ஹோகி பேடுன்னுதானே சொன்னா? போய் வேண்டிக்கோன்னு? என்கிட்டச் சொன்னாளே?"

சித்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆமாம், ஆமாம். அப்படித்தான் இருக்கும். எனக்குத்தான் காது சரியில்லை. மூடிக்குள்ள இருந்து பேசினா யாருக்கு என்ன புரியும்?" என்று அவசர அவசரமாகச் சொன்னாள். அந்த அவசரம் சவரியம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது.

தன் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்த விரல்களை அவள் நினைத்தாள். போகச் சொல்கிற பிள்ளை எதற்குத் தலைப்பைப் பிடிக்கும்?

அன்று மாலை ரத்தினசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அடிப்பான், திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் கையில் காய்ந்திருந்த வர்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"நீயாச்சும் சாமிகிட்டப் போனே, புள்ள. நான் டீக்கடைக்குப் போயிருந்தேன். என்னாலயும் அவ மூச்சு விடறதைப் பாக்க முடியல" என்றான்.

அதற்குப் பிறகு சவரியம்மாள் ஜெபிக்கவில்லை. ஜெபமாலை ஆணியில் தொங்கியது. ஊதுபத்தி உருட்டும் கை மட்டும் உருண்டது, உதடு அசையவில்லை. வேண்டிக்கொள்ளச் சொல்லி வந்தவர்களிடம் "என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தாள். இது பாவமில்லையம்மா, உங்கள் அன்பு ஆண்டவருக்குத் தெரியும் என்றார் அவர். பாவம் என்று சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கிடைத்திருக்கும். பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதுகைக் காட்டிக்கொண்டு எந்த ஆண்டவரிடம் பேசினேன், அவராவது மேலே போடி என்று என்னை விரட்டியிருக்கக்கூடாதா என்று அவள் உள்ளம் கொதித்தது.

அடுத்த வருஷத்துத் தவக்காலம் வந்தது. பெரிய வியாழக்கிழமை. அன்றைக்கும் வீட்டிலிருந்தால் தெரு பேசும் என்பதற்காகத்தான் அவள் கோவிலுக்குப் போனாள். கடைசித் தூணோரம் உட்கார்ந்தாள். பூசை முடிந்து, ஆண்டவரே அதில் இருப்பதாக வணங்கும் நற்கருணை அப்பத்தைப் பக்கத்துப் பீடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஜனங்கள் அங்கே போய் மண்டியிட்டார்கள். ஒரு பெண் மைக்கில், ஆண்டவர் பிடிபடுவதற்கு முன் தோட்டத்தில் தவித்த கதையைக் கன்னடத்தில் வாசித்தாள்.

அறியாத கதையா அது? மார்டள்ளியில் தவழ்கிற வயசிலிருந்து கேட்ட கதை. அவர் இரத்தம் வேர்க்க வேண்டினார், அதனால் நாமும் வேண்ட வேண்டும் என்றுதான் அவள் அதை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்று அந்தக் கன்னடம் வேறு எதையோ சொன்னது. சாவு தெரிந்துவிட்டது அந்த மனுஷனுக்கு. பயந்து போயிருக்கிறார். கூட வந்த மூன்று பேரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறார். என்னைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கவில்லை. இங்கேயே என்னோடு இருங்கள், தூங்கிவிடாதீர்கள் என்கிறார். அவர்களோ தூங்கிவிட்டார்கள். துக்கம் தாங்காமல் தூங்கினார்களாம்.

சவரியம்மாள் தலைநிமிர்ந்து பார்த்தாள். இவரும் கேட்டிருக்கிறாரே! இந்தச் சாவு வேண்டாம் என்று அப்பனிடம் கேட்டார், கிடைக்கவில்லை. சிநேகிதர்களிடம் கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை. இத்தனை காலமும் நான்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது, உனக்கு என்ன வேண்டும் சாமி என்று வாயை மூடிக்கொண்டு காதுகொடுத்துக் கேட்டேனா? என் பிள்ளைக்கு வேண்டியிருந்ததுதான் அவருக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. வலி துளியும் குறையவில்லை. அந்தப் பிற்பகல் திரும்பி வராது, பிரித்து வைத்த விரல்களை மறுபடி பற்றிக்கொள்ள முடியாது. ஆனாலும் அவள் எழுந்து பக்கத்துப் பீடத்தருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். உதடு அசையவில்லை. கேட்க ஒன்றுமில்லை. அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியது. முழங்காலைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மனைவியைக் காணோமே என்று தேடிக்கொண்டு ரத்தினசாமி வந்தான். மகளின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அவன் கோவிலுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அருகே வந்து குனிந்தான்.

"போலாமா புள்ள? எல்லாரும் போயிட்டாங்க."

"அதனாலதாங்க இருக்கறேன்" என்றாள் சவரியம்மாள். "நாமளும் போயிட்டா அவரு தனியா இருப்பாரு."

அவன் வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவளருகே தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. சவரியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.