என் வீடியோவில் வாயசைத்தவர்

பாட்டுக்கு வாயசைத்து ஆடும் பதினைந்து நொடி வீடியோக்கள் எங்கள் பக்கம் பரவ ஆரம்பித்த புதிது. அந்த ஆப் பிற்பாடு தடை செய்யப்பட்டுவிட்டது. அப்போது நான் தேனியில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். வயது இருபத்து மூன்று. வீடு அல்லிநகரத்தில். கடையில் எங்களுக்கு முறை வைத்து வாரத்தில் ஒரு நாள் லீவு. சுடிதார் பிரிவில் நின்ற என் தோழிக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு வாய்ப்பது அபூர்வம். அப்படி வாய்த்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுடைய ஸ்கூட்டியில், குமுளி மலைக்குக் கீழே இருக்கும் லோயர் கேம்ப் போனோம்.

வீடியோ எடுக்கத்தான் போனோம். மொட்டை மாடியில் ஆடி எடுத்ததையெல்லாம் முப்பது பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் மலை தெரிய வேண்டும், மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரிய வேண்டும், தண்ணீர் பொங்கி ஓட வேண்டும், அப்போதுதான் எடுபடும் என்று தோழி சொல்லிக்கொண்டே இருந்தாள். கூடலூர் தாண்டியதும் காற்று குளிர்ந்துவிட்டது. மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பாலம் பார்த்து வண்டியை நிறுத்தினோம். கீழே தண்ணீர் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. போனில் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துத்தான் ஆட முடிந்தது.

ஆறு தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. ஒரு தடவை துப்பட்டா முகத்தில் அடித்தது, ஒரு தடவை லாரி வந்தது. ஏழாவது தடவை எல்லாம் கூடி வந்தது. பாதி ஆட்டத்தில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று ஏதோ சொல்வது போல இருந்தது. திரும்பினால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். அதனால் திரும்பாமலே, ஆட்டத்தோடு ஆட்டமாக இடது கையைப் பின்பக்கம் வீசி, 'போங்க, போங்க' என்பது போல ஒதுக்கிவிட்டு, பாட்டு முடியும்வரை சிரித்துக்கொண்டே ஆடினேன்.

முடித்ததும் தோழி போனை என் முன்னால் நீட்டினாள்.

"ஏ, பின்னாடி ஒரு ஆளு பாட்டுக்கு வாயசைக்கிறாருடி! சூப்பரா இருக்கு. இதையே போட்ருவோம்."

பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சட்டை, கைலி, என் தோளுக்குப் பின்னால் நின்று பாட்டின் வரிக்குச் சரியாக வாயை அசைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நிமிர்ந்து பார்த்தபோது பாலத்தில் யாரும் இல்லை.

அன்று சாயங்காலமே போட்டுவிட்டோம். புதன்கிழமை ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை எழுந்து பார்த்தால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. கமெண்டுகளில் பாதி அவரைப் பற்றித்தான். 'அங்கிள் கலக்குறாரு', 'ஹீரோயினை விட அங்கிள் நல்லா பாடுறாரு' என்றெல்லாம். மீதிப் பாதி என் இடது கையைப் பற்றி. நான் கையை வீசி ஒதுக்கியதை நடன அசைவு என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ அதற்கு 'தள்ளு ஸ்டெப்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மதுரை, கோயம்புத்தூர், துபாய் என்று எங்கெங்கிருந்தோ அந்த ஸ்டெப்பை ஆடி வீடியோ போட்டார்கள். சில ஆண்கள் என் வீடியோவோடு தங்கள் வீடியோவை ஒட்டி, அவர் நின்ற மாதிரியே நின்று வாயசைத்தார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால், யார் யாரோ முகங்கள், எல்லா வாயும் ஒரே மாதிரி அசைந்துகொண்டிருக்கும்.

கடையில் எனக்கு வந்த மரியாதையைக் கேட்கவே வேண்டாம். போனைத் தொட்டாலே கத்தும் மேனேஜர், என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். துணி எடுக்க வந்த கல்லூரிப் பெண்கள் பில் கவுண்டரில், "அக்கா, ஒரே ஒரு தடவை தள்ளு ஸ்டெப்" என்று கெஞ்சினார்கள். நானும் ஆடிக் காட்டினேன். அது ஸ்டெப் இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், மாடியில் துணி மூட்டைகள் அடுக்கிய அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழே மேனேஜருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று போனில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு என் வீடியோவைப் போட்டேன். அதை நான் சத்தமில்லாமல் பார்த்தது அதுவே முதல் தடவை.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

பாட்டு இல்லாமல் பார்த்தபோது அவர் பாடவில்லை. பாட்டின் வரி தொடங்குவதற்கு முன்பே அவர் வாய் திறந்துவிடுகிறது. அவர் பேசுகிறார். கேமராவைப் பார்த்துக்கூட இல்லை, என் பிடரியைப் பார்த்து. சட்டையில் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று மாட்டியிருந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு கால் வெறுங்கால். சிரிப்பே இல்லை முகத்தில். என் கை பின்னால் வீசியதும், அந்தக் கையைப் பார்க்கிறார். நன்றி சொல்வது போலத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து போகிறார். வீடியோ அதோடு முடிந்து தானாக மறுபடி தொடங்கியது. மறுபடி வந்தார், கேட்டார், தலையாட்டினார், போனார். மறுபடி வந்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்த பிறகும் உள்ளே அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தோழியிடம் சொன்னேன். அவளும் சத்தமில்லாமல் பார்த்தாள். முகம் மாறினாலும், "எதையாவது கெளப்பி விடாதடி. யாரோ வழியில போன ஆளு. இந்நேரம் வீட்டுல சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டு இருப்பாரு" என்றாள். எனக்கும் அப்படி நம்புவதுதான் வசதியாக இருந்தது. வீடியோவை அழித்துவிடலாமா என்று ஒவ்வொரு மணி நேரமும் நினைத்தேன். ஒவ்வொரு மணி நேரமும் பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. விட மனம் வரவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, அம்மாவின் இடுப்பில் இருந்தபடியே என்னை அடையாளம் கண்டு, என்னைப் பார்த்து அந்தக் கையை வீசிக் காட்டியது. போ, போ. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்ததும் ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். துணி எதையும் பார்க்காமல் நேராக பில் கவுண்டருக்கு வந்து, பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே முகம்.

"ஏந்தாயி, அந்த வீடியோப் பிள்ள நீதான?"

அவர் போடிக்காரர். வீட்டிலேயே தையல் கடை. கணவர் ஏலக்காய்க் கடையில் எடை போடும் வேலையில் இருந்தவர். ஒரு வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து ஞாபகம் வருவதும் போவதுமாக இருக்கிறது. போன திங்கட்கிழமை தேனிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறார். மாத்திரை வாங்கித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். போலீஸில் எழுதிக் கொடுத்து, தேனியிலும் போடியிலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முந்தின நாள், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே ஒரு வீடியோவைக் காட்ட, அதில் கணவர். நான் வேலை பார்க்கும் கடையையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

"பாட்டு வேணாம். பாட்டு இல்லாமப் போடு" என்றார்.

போட்டேன். உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை ஓடும்போது அவருடைய உதடுகளும் கூடவே அசைந்தன.

"போடி பஸ்ஸு எங்கன நிக்கும், ஆத்தா... இதத்தான் கேக்குறாக. இருவத்திரண்டு வருசமா நான் பாக்குற வாயி." பிறகு என் கையைப் பார்த்தார். "இது என்ன, ஆட்டமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். லட்சம் பேர் அப்படித்தான் நம்பினார்கள்.

"இல்லக்கா. போங்கன்னு சொன்னேன். அவர் கேட்டது காதுல விழல. நான் திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் திட்டவில்லை. வீடியோவை இன்னொரு தடவை ஓட விட்டார். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ வழி காட்டுறேன்னு நெனச்சுட்டாக. உன் கை எந்தப் பக்கமா நீளுது, பாரு. அங்கன என்ன இருக்கு?"

யோசித்தேன். என் கை நீண்ட பக்கம் குமுளிக்கு ஏறும் மலைப்பாதை. இரண்டு பக்கமும் காடு.

அந்த அம்மாவின் தம்பி, ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் வைத்திருந்தார். அதில்தான் போனோம். மேனேஜரிடம் நான் லீவுகூடக் கேட்கவில்லை. பாலத்தில் இறங்கி, நான் நின்ற இடத்திலேயே என்னை நிற்கச் சொன்னார் அந்த அம்மா. நான் கையை வீசிக் காட்டினேன். அவர் தன் கணவர் நின்ற இடத்தில் போய் நின்று, என் கை காட்டிய திசையைப் பார்த்து, மெல்லத் தலையாட்டினார். பிறகு ஜீப்பில் ஏறி, "மேல விடு" என்றார்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மெதுவாகப் போய், பள்ளத்தை எட்டி எட்டிப் பார்த்தோம். பாதி மலையில் ஓரிடத்தில் தம்பி பிரேக் போட்டார். சாலையோரம் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அந்த அம்மா இறங்கி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குமுளி பஸ் நிற்கும் இடத்தருகே ஒரு டீக்கடையில் போட்டோவைக் காட்டினோம். கடைக்கார மலையாளப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"இது வீடியோயிலெ சேட்டனல்லே? மூணு நாளா இவிடெ உண்டு. பிள்ளைங்க எல்லாம் கூட நின்னு போட்டோ எடுக்கும். நான் சாயா கொடுத்தேன். போடி பஸ், போடி பஸ்ஸுன்னு சொல்லிட்டே இருக்கும். வீடியோல பேசுற டயலாக்குன்னு நாங்க நினைச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

கொஞ்ச தூரத்தில், பூட்டியிருந்த ஒரு கடையின் வாசலில் உட்கார்ந்திருந்தார் அவர். அதே வெள்ளைச் சட்டை, இப்போது மண் நிறத்தில். பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. எதிரே இரண்டு வாலிபர்கள் போனை நீட்டிப் பிடித்திருந்தார்கள். போனில் அதே பாட்டு. அவர் அவர்களைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். என் போனுக்குள் ஐந்து நாளாகப் பார்த்ததை நேரில் பார்த்தேன்.

"பாட்ட அமத்துங்கப்பா" என்றார் அந்த அம்மா.

பாட்டு நின்றது. அந்தக் குரலை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். மெல்லிய, மரியாதையான குரல். "போடி பஸ்ஸு எங்கன நிக்கும்?"

யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தவறாக மாட்டியிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாக மாட்டினார்.

"இங்கனதான் நிக்கும். வாங்க, ஏறிக்கிருவோம்."

அவர் உடனே எழுந்தார். வாலிபர்கள் இருவரும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை. காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் நான் அந்த அம்மாவின் காலைப் பிடிக்கப் போனேன். தடுத்துவிட்டார்.

"நீ கைய இன்னொரு பக்கம் காட்டியிருந்தா, தண்ணிக்குள்ள எறங்கியிருப்பாக. உன் வீடியோ இல்லாட்டி நான் அங்கன தேடியிருக்கவே மாட்டேன். திட்டவும் வரல தாயி, நல்லா இருன்னு சொல்லவும் வரல. வீட்டுக்குப் போ."

அன்றே வீடியோவை அழித்தேன். தோழிக்கு வருத்தம்தான். ஆனால் என் பக்கத்தில் அழித்ததோடு சரி, அதற்குள் எத்தனையோ பேர் எடுத்து வைத்திருந்தார்கள்.

போன மாதம் குச்சனூர் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு இப்போது கல்யாணமாகி, உடம்பு கொஞ்சம் பெருத்து, ஆள் அடையாளமே மாறிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன். பாட்டை மாற்றியிருந்தார்கள், நான் அதுவரை கேட்டிராத ஏதோ புதுப் பாட்டு. அதற்கும் அவருடைய உதடுகள் கச்சிதமாகப் பொருந்தின. "இந்த அங்கிளப் பாருங்கக்கா" என்று போனை என் பக்கம் திருப்பினாள். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவள் முழுதாக நம்பினாளா என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் பின்னாலிருந்து யார் என்ன கேட்டாலும், கையில் இருக்கும் வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று திரும்பி முகத்தைப் பார்த்துவிடுகிறேன். ஆனால் அந்தப் பதினைந்து நொடிக்குள் இருக்கும் நான் மட்டும், யார் யார் கையிலோ இன்றைக்கும் சிரித்து ஆடிக்கொண்டே, ஒரு தடவைகூடத் திரும்புவதில்லை.