பஸ் நிறுத்தம் செதுக்கிய ஜாடி

மாதனூர் நிறுத்தத்தில் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு காலையை ஜாடியில் செதுக்கினேன். களிமண் ஜாடியின்மேல் கறுப்பு மண்குழம்பு பூசி, கத்தி நுனியால் சுரண்டினால் கோடுகள் வெளிறித் தெரியும். அதுவரை டீக்கடை, ஷேர் ஆட்டோ, பூ விற்பவள் என்றே செதுக்கியிருந்தேன். எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்கு அவை போதா என்று தோன்றியது.

அந்தக் காலையில் பக்கத்து வீட்டு அக்காவை அவள் கணவன் ஹெல்மெட்டால் அடித்தான். ஷூ கம்பெனி வேலைக்கு அவள் இனிப் போகக் கூடாதாம். முதல் அடி காதோரம் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. பிறகு ஓர் அலறல். கூடியிருந்த நாங்கள் யாரும் அசையவில்லை.

அவனுடைய ஓங்கிய கையையும் அவளுடைய குனிந்த முதுகையும் ஜாடியில் வைத்தேன். சூளைக்கு அனுப்புமுன் அவளிடம் கேட்பதே முறை என்று எடுத்துப்போனேன். காதோரத் தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"யாரு இது?"

"நீங்கதான்க்கா."

"நான் எங்கடி குனிஞ்சேன்? கேரியரால அவன் வாயிலயே குடுத்தனே. சாம்பாரெல்லாம் சட்டையில ஊத்திக்கினு தரையில உக்காந்துட்டான். பல்லு ஒண்ணு போச்சி. நீ இன்னாத்த பாத்த?"

முதல் அடியில் ரத்தத்தைக் கண்டதுமே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"கத்துனது நீங்கன்னு நெனச்சேன்."

"அவன்தான் கத்துனான்." சிரித்தாள், தையல் இழுக்கவே நிறுத்திக்கொண்டாள். "எம் பொண்ணும் இந்த வருஷம் ஒன் காலேஜ்லதான சேந்துகிறா. அவ அம்மா குனிஞ்சினு அடி வாங்கறத கூடப் படிக்கறதுங்கெல்லாம் பாக்கணுமா?"

மண் காய்ந்துவிட்டது, இனி வெட்டினால் உடையும் என்றேன்.

"ஒடஞ்சா ஒடயட்டும். கத்தியக் குடு."

கம்பெனியில் தோலின் ஓரங்களைச் சீவி மெலிதாக்குவது அவள் வேலை. கத்தி நுனியைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்து, "மொக்கை" என்றாள். அதைக்கொண்டே அந்த முதுகைச் சுரண்டித் தள்ளினாள். மற்றவர்கள் வெறும் கோடுகளாய் இருக்க, அவள் மட்டும் முழு வெளுப்பாய் நிமிர்ந்தாள், கொஞ்சம் கோணலாகத்தான். கையில் கேரியரும் வந்தது. பிறகு அவன் வாயில் நுனியை ஊன்றித் திருகினாள். ஒரு சில்லு பெயர்ந்து ஜாடிக்குள் விழுந்தது.

"இப்ப எடுத்துனு போ."

சூளையில் அந்த ஓட்டையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி அவன் தோள்வரை ஓடியிருந்தது. அப்படியே வைத்தேன். கண்காட்சிக்கு அவள் மகள் தோழிகளோடு வந்தாள். "எங்கம்மா" என்று காட்டினாள். தொடக் கூடாது என்ற அட்டையை நின்று படித்தாள். பிறகு அப்பாவின் வாயில் சுண்டுவிரலை நுழைத்து, அது இறுகி நிற்கும்வரை அழுத்தினாள்.