வத்ஹா வைக்கும் அளவு

பிற்பகல் அஸர் தொழுகைக்கு மகன் கேட்டைத் தாண்டியதும் வத்ஹா கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வருகிறாள். தொலைக்காட்சிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, மகனுடைய கன்ட்ரோலரைச் சுடுபாத்திரம் போல விரல் நுனியில் எடுக்கிறாள். அது கார்ப் பந்தய விளையாட்டு. அதில் 'எதிராளிகளின் வலிமை' என்று ஒரு கோடு இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து நூறு வரை. கோட்டின் மேல் உள்ள புள்ளியை நகர்த்தி ஓர் எண்ணில் நிறுத்துகிறாள். பிறகு சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் இது நடக்கிறது.

நான் அவளுடைய ஓரகத்தி. அவளுக்குக் கீழ்வீடு, எனக்கு மேல்மாடி. திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டி அவள் அவித்துக் கொடுக்கும் தட்டுகளுக்கு எங்கள் ஊர் ஜஹ்ராவில் தனிக் கூட்டமே உண்டு. மாதுளைப் பாகை நாக்கில் வைத்துப் பார்க்காமலே புளிப்பு சொல்லிவிடுவாள். ஆள் நல்ல அகலம், குரலும் அப்படித்தான். ஆனால் காரில் ஏறிவிட்டால் சுண்டெலி. நான் ஓட்ட, முன் இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். எதிரே லாரி வந்தால் என் தொடையைப் பிடித்துக் கிள்ளுவாள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. போன குளிர்காலத்தில் அவளுடைய மகன் மிஷ்அலின் சிநேகிதன் ஒருவன் பாலைவனச் சாலையில் வண்டியைச் சுழற்றிக் காட்டும்போது கவிழ்ந்து செத்துப்போனான். பக்கத்து இருக்கையில் இருந்தவன் மிஷ்அல். முழங்கையில் ஒரு கீறலோடு வீட்டுக்கு வந்தான். வத்ஹா அந்தச் சம்பவத்துக்குப் பெயர் வைக்கவே இல்லை. 'அது' என்றுதான் சொல்வாள். 'அது'க்குப் பிறகும் பையன்கள் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை அஸருக்கும் அந்தி மக்ரிபுக்கும் நடுவே அதே சாலையில் கூடுகிறார்கள், இருட்டினால் கலைகிறார்கள். செத்தவனின் இடத்தில் மிஷ்அல் ஓட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

வத்ஹாவின் கணவருக்கு இதெல்லாம் காதில் ஏறாது. ஒட்டகத்துக்குச் சளி பிடித்தால் தூங்காத மனிதர், மகனைப் பற்றிக் கேட்டால் "ஆம்பளப் புள்ள, போவான் வருவான்" என்பார். பயப்படும் வேலை முழுவதும் அவள் தலையில்.

புள்ளியை எங்கே வைப்பது என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருநாள் இலை சுருட்டியபடியே எனக்குச் சொன்னாள்.

"லேசா ஜெயிச்சான்னா கொட்டாவி விட்டுட்டு சாவியத் தேடுவான். கேவலமா தோத்தான்னா கடுப்புல சாவியத் தேடுவான். மூக்கு நுனியில தோக்கணும் ஹெஸ்ஸா. அப்பத்தான் 'இன்னும் ஒண்ணு'ம்பான். அந்த இன்னும் ஒண்ணுலயே மக்ரிப் வந்துரும்."

"நீங்க பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போறீங்க. அவனும் தேறிக்கிட்டே போறானே அக்கா?"

"அதான் எனக்குப் பயமே. கோடு நூறுல முடிஞ்சு போகுதே."

போன வெள்ளிக்கிழமை நான் அரிசி வாங்கக் கீழே வந்தேன். வத்ஹா அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் மிஷ்அல் மட்டும். அம்மா தொண்ணூற்றிரண்டில் வைத்திருந்த புள்ளியை அவன் நூறுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"சித்தி, அம்மாட்ட சொல்லிராதீங்க."

"ஏன்டா, தோக்கவா ஆசை?"

"ஜெயிச்சா கிளம்பணும் சித்தி. ஒரு ரேஸ் ஜெயிக்காம எந்திரிக்க மாட்டேன், வல்லாஹின்னு அவனுங்ககிட்ட சத்தியம் பண்ணி வச்சிருக்கேன். சத்தியம்னா ஒத்துக்குவானுங்க. பயமா இருக்குன்னா விடுவானுங்களா?"

இருபத்திரண்டு வயதுக்காரன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அரிசி மறந்துபோயிற்று.

அன்று அவன் எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வந்தான். அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. வத்ஹா தன் கணக்குத்தான் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை மிஷ்அல் பள்ளிவாசலிலிருந்து தனியாகத் திரும்பவில்லை. ஃபலாஹ் கூடவே வந்தான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி, நல்ல பேச்சுக்காரன். வந்ததும் காலை நீட்டி மெத்தையில் சாய்ந்தான்.

"சீக்கிரம் ஜெயிடா. வெளிய வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. பெட்ரோல் என்ன உங்கப்பன் ஊத்துறானா?"

இவன் கண்ணெதிரே மிஷ்அல் புள்ளியைத் தொட முடியாது. அப்படியே பந்தயத்தைத் தொடங்கினான். நான் அடுப்படிக்குள் போனேன். வத்ஹா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி எழுபதுல வச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக. "பாவம், கொஞ்சம் சந்தோசப்படட்டும். ஒரு தடவ ஜெயிச்சா மனசு ஆறும்ல?"

கொடுத்த வாக்காவது ஒன்றாவது என்று அத்தனையையும் சொல்லிவிட்டேன்: நூறு, சத்தியம், பயம். தேநீர் குவளை நிரம்பித் தட்டில் வழிந்தது.

"அவனுக்கும் பயமா?" என்று கேட்டாள். "எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

கூடத்தில் ஃபலாஹ் கைதட்டும் சத்தம் கேட்டது. "அப்படிப் போடு. கடைசிச் சுத்து. பின்னால ஒரு பயலும் இல்ல."

எட்டிப் பார்த்தேன். மிஷ்அலின் கார் முதலில் போய்க்கொண்டிருந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வேகத்தைக் குறைத்தால் ஃபலாஹுக்குத் தெரிந்துவிடும், அவன் பிறந்ததே ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான். நான் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன்.

வத்ஹா தட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நேராகப் போய் தொலைக்காட்சிக்கும் ஃபலாஹுக்கும் நடுவில் நின்றாள். அத்தனை அகலமும் அன்றைக்குத்தான் உதவியது. ஃபலாஹுக்குத் திரையில் ஒரு விரல்கடை கூடத் தெரியவில்லை.

"சக்கரை எத்தன கரண்டி, ஃபலாஹ்?"

"சக்கரை வேணாம்மா. கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது."

"வேணாமா? நல்லாயிருக்குமா அது? வெறுந்தேத்தண்ணி குடிச்சுட்டுப் போனான்னு உங்கம்மா என்னைய ஏசவா?"

"அம்மா, ரேஸு..."

அவளுக்குப் பின்னால் என்ஜின் சத்தம் உச்சத்துக்கு ஏறியது. மிஷ்அலின் கட்டைவிரலை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் காரைத் திருப்ப அது அசையவே இல்லை. பிறகு டயர் தேய்கிற சத்தம், தகரம் கிழிகிற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் கடந்து போகும் சத்தம்.

"போச்சு," என்றான் ஃபலாஹ்.

வத்ஹா திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய தேநீரில் இன்னொரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.