வாசலுக்கு வந்த மெத்தைகள்

பக்கத்து வீட்டு எல்லை வந்தாலும் பியாட்ரிஸின் விளக்குமாறு நிற்காது. தன் வாசல், செல்லாயி வாசல், பூட்டிக் கிடக்கும் மூன்றாவது வாசல் என்று பழைய ரப்பர் தோட்டத்து லய வரிசையின் கடைசி வீடுவரை போய்த்தான் ஓயும். பிறகு குளித்து, சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, பத்து காஜா நகர ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். "துணிய அங்க தொவைக்கிறேன், தெருவ இங்க தொவைக்கிறேன் லா" என்பார், சிரிக்காமல்.

வருகிறவர் கண்ணில் குப்பை படக்கூடாது, எல்லாம் பின்பக்கம் போக வேண்டும். ரப்பர் காலத்தில் துரை போட்ட சட்டம் இது. துரை போனார், ரப்பரும் போனது. சட்டம் மட்டும் லயத்தில் குடியிருக்கிறது. அதனால்தான் போன மாதம் வெள்ளம் புகுந்து வடிந்ததும், ஊறிய மெத்தை, உப்பிப்போன பலகை அலமாரி எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீடு வீடாக நின்று போட வைத்தவரே பியாட்ரிஸ்தான்.

மாவட்ட மன்றத்திலிருந்து வெள்ளக் குப்பையைப் பார்வையிட வந்த தனேஸ்வரன், பளிச்சென்றிருந்த சாலையைப் படம் எடுத்துக்கொண்டு, இங்கே அள்ள ஒன்றுமில்லை என்று கிளம்பினார். பியாட்ரிஸ் அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனார். குவியலில் பாதி வடிகாலுக்குள் சரிந்து கிடந்தது. இன்னொரு மழை பெய்தால் தண்ணீர் மறுபடி வீட்டுக்குள்தான்.

"ரோட்டோரம் கெடந்தாத்தான் அக்கா கவர்மெண்ட் செலவுல அள்ளுவாங்க. இது தோட்டத்து நெலம். மொதலாளிதான் அள்ளணும்."

"மொதலாளிக்கு போன் போட்டா பாட்டுதான் பாடுது, தம்பி. நீங்க வேணா கேட்டுப் பாருங்க, நல்ல பாட்டு."

தனேஸ்வரன் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமை லோரி வரும். அதுக்குள்ள முன்னால வந்துட்டா நான் சேத்துக்கிறேன்."

அன்று மாலையே பியாட்ரிஸ் தன் மெத்தையைத் தனியாக இழுத்து வந்து சாலையோரம் சாய்த்தார். அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீதான பின்னால போடச் சொன்ன?" என்றார் செல்லாயி. "இப்ப ஊரே பாக்க என் மெத்தைய வாசல்ல விரிக்கணுமா?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். ஒரு பக்கம் புடிங்கக்கா."

எதிர்வீட்டுப் பழனியப்பன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "சீர் வரிசை மாதிரி அடுக்குறியே, மொய் எழுத யாரு வர்றா?"

"லோரி வருது அண்ணே. அலமாரிய எடுங்க."

வெள்ளிக்கிழமை, வடிகால் தெளிந்து ஓடியது. லயத்தின் முகப்பு முழுக்கக் குப்பை. லோரி திருப்பத்தில் தெரிந்தபோது, குவியலிலிருந்து ஒரு தலையணை உருண்டு செல்லாயி வாசலுக்குள் விழுந்தது. பியாட்ரிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு செருப்புக் காலால் அதைச் சாலைப் பக்கம் எத்திவிட்டார்.