பத்தாவது ஸ்லைடு

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் எடுபிடியாக இருந்தேன். காஜா பேராங் பகுதியில் ஒரு செட்டி வீட்டின் பின்னறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். வேலைப் பத்திரம் இல்லாத ஆண்களைப் பிடித்து, சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடுபிடிக்குப் பத்திரம் கிடையாது. பரிசோதகர் தேர்வில் தேறினால் பத்திரம், தவறினால் சயாம். நான் போவதாக இல்லை.

பத்து ஸ்லைடு வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் தேய்த்திருக்கும் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் போச்சு. ஆறு மாதம், மத்தியான மரவள்ளிக்கிழங்கை விழுங்கிய கையோடு பழகியிருந்தேன்.

ஒன்பது வரை தடுமாறவில்லை. பத்தாவதில் பிறை வடிவக் கிருமிகள் பளிச்சென்று தெரிந்தன. இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், ஸ்லைடைச் சற்று நகர்த்தினேன். தேய்த்த ரத்தம் முடிந்த இடத்துக்கு அப்பால், வெறும் கண்ணாடியிலும் அதே பிறைகள். புது ஸ்லைடு வருவது நின்றுபோய்ப் பழையதையே கழுவிப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். சவர்க்காரம் கிடையாது, அடுப்புச் சாம்பல்தான். கழுவுகிறவன் நான். முன்பு யாருக்கோ எடுத்த ரத்தம் சரியாகப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தேர்வு வைத்த ஜப்பானிய டாக்டரின் தாளில் இருக்கிறது என்றுதான் விடை இருக்கும். அதைச் சொன்னால் பத்திரம் சட்டைப்பையில். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மொழிபெயர்க்க நின்ற, டாக்டருக்கு அடுத்தபடியான மருத்துவ உதவியாளர், பெரிய டிரெஸரிடம் சொன்னேன்.

"இத வச்சு ஒன்னும் சொல்ல முடியாதுங்கய்யா. ஸ்லைட நான் சரியா கழுவல. அந்த ஆளுக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்."

"இருக்குன்னு சொல்லிட்டுப் போ லா," என்று அவர் பல்லைக் கடித்தார். நான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார்.

ஜப்பானிய டாக்டர் தானே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, தாளிலிருந்த விடையை அடித்தார். வார்டிலிருந்து புது ரத்தம் வந்தது. அதில் கிருமி இல்லை. இந்த ஸ்லைடை நம்பி ஒரு வாரமாக மலேரியா மருந்தான கொயினா கொடுத்துவந்த அந்த மனிதருக்கு வந்திருந்தது டைபாய்டு.

எனக்குப் பத்திரம் கொடுத்தார்கள். மனைவி அதைச் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டாள். மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்துபோனார். அதன் பிறகு அந்தப் பத்திரத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, கழுவிய ஒவ்வொரு ஸ்லைடையும் ரத்தம் வைப்பதற்கு முன்பே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். வெளியே நோயாளிகள் வரிசை நீள்கிறது என்று டிரெஸர் கத்தினார். கத்தட்டும் என்று அடுத்த ஸ்லைடை எடுத்தேன்.